பிரைவேட்டில் தொங்கிய பட்டுச்சேலை

ஆரணியில் எனக்கு இரண்டு வேலை. பகலில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் உண்டு. மிச்ச நேரத்தில் நான் ‘வீடியோ தெரிஞ்சவர்’. அதற்குச் சம்பளம் கிடையாது, டீ உண்டு. படத்தைக் கெடுத்துக் கொடுத்தாலும் டீயை நிறுத்தாதவர்கள் எங்கள் தெரு ஜனங்கள். இத்தனை வருஷம் இந்தத் துறையில் நான் தாக்குப்பிடித்ததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

பெயர் வந்த விதமும் அந்த லட்சணம்தான். தெருவில் முதலில் கம்ப்யூட்டர் வாங்கியது எங்கள் வீடு. வாங்கிய கையோடு, யாரோ கொடுத்த கேமராவிலிருந்து ஒரு ஒயரைச் செருகி, பக்கத்து வீட்டுக் காதுகுத்தைத் திரையில் ஓடவிட்டேன். ஒயர் செருகத் தெரிந்தவனுக்குப் படம் வெட்டவும் தெரியும் என்று தெரு முடிவு செய்துவிட்டது. நான் மறுக்கவில்லை. தறிவீட்டில் பிறந்து நாடா தள்ளத் தெரியாமல் வளர்ந்தவனைப் பார்த்து, ‘இவனுக்கும் ஏதோ தெரியும்’ என்று ஊர் சொன்னால் மறுக்க மனசு வருமா?

என் குரு மூவி மேக்கர். 2000-ல் விண்டோஸ் எம்.இ.யோடு வந்து, எக்ஸ்.பி. காலத்தில் வீட்டுக்கு வீடு இலவசமாக உட்கார்ந்திருந்த மென்பொருள். 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதற்கு மூடுவிழா நடத்தியது. அதற்குள் அது எனக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்திருந்தது.

தங்கை கல்யாண வரவேற்புக்கு ஒரு படம் தயாரித்தேன். சின்ன வயசு போட்டோக்கள், நிச்சயதார்த்த வீடியோ, கமண்டல நாகநதி மணலில் எடுத்த குடும்பக் காட்சிகள், நடுநடுவே பறந்து வரும் எழுத்துகள். விடிய விடிய உட்கார்ந்து முடித்து, ‘சேவ்’ அழுத்தி, பென் டிரைவில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. அரைமணி நேரப் படம், அளவு சில நூறு கிலோபைட். சந்தேகப்பட வேண்டிய இடம் அது. நான் பெருமைப்பட்டேன்.

மண்டபத்தில் புரொஜெக்டர், திரை, முன்வரிசையில் சம்பந்தி வீட்டார். ஃபைலைத் திறந்தால், தங்கையின் முதல் பிறந்தநாள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. பள்ளிக்கூடம் போன இடத்தில் ஒன்று. நிச்சயதார்த்தத்தில் வரிசையாகப் பல. பறந்து வந்த எழுத்துகள் மட்டும் சரியாக வந்தன. ‘எங்கள் வீட்டு மகாலட்சுமி’ என்று ஓர் எழுத்து பறந்து வந்து, ஒன்றுமே இல்லாத கறுப்புத் திரையில் சுற்றிவிட்டு நின்றது.

நான் சேவ் செய்தது படத்தை அல்ல, பிராஜெக்டை. எந்தத் துண்டு முதலில், எங்கே வெட்டு, எந்தப் பாட்டு எப்போது என்கிற குறிப்பு மட்டும்தான் அந்த ஃபைலில் இருக்கும். துண்டுகள் வீட்டுக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் பத்திரமாக இருந்தன. ‘சேவ் மூவி ஃபைல்’ என்று தனியாக ஒன்று இருந்தது. இன்றைய மென்பொருள்களில் அதற்கு ‘எக்ஸ்போர்ட்’ என்று பெயர். அதை அழுத்திக் காத்திருந்தால்தான் துண்டெல்லாம் சேர்ந்து ஒரே படமாகும்.

இதைச் சாப்பாட்டுப் பந்தியில் மாமாவிடம் விளக்கினேன். மாமா வாழ்நாள் முழுக்க நெய்தவர். இலையிலிருந்து தலை தூக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அதாவது ஜக்காடு அட்டைய மட்டும் தூக்கினு வந்துட்டு, பட்டையும் ஜரிகையையும் வீட்லயே வுட்டுட்ட.” அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றுமில்லை. பிரான்ஸில் லியோன் நகரத்து ஜக்கார் 1804-ல் ஓட்டை போட்ட அட்டையால் தறி இழைகளைத் தூக்க வைத்ததும், பிறகு சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்கு அந்த அட்டையையே கடன் வாங்கியதும் எனக்குத் தெரியும். கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. மண்டபத்தில் அவமானப்பட்டவரும் அவரில்லை.

அடுத்தது இதயம். மூவி மேக்கரில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக விதவிதமான வழிகள் உண்டு: பக்கம் புரளும், நட்சத்திரம் விரியும், இதயம் மலரும். கிடைத்த எல்லாவற்றையும் பயன்படுத்துவது திறமை என்று நினைத்த காலம். உறவுக்காரப் பையன் கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் காட்சிக்கும் முடிச்சு போடும் காட்சிக்கும் நடுவில் இதயத்தை மலரவிட்டேன். அது மலர்வதற்கு இடம் வேண்டுமே. முதல் துண்டின் வாலையும் அடுத்த துண்டின் தலையையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித்தான் மென்பொருள் அந்த இடத்தை உண்டாக்குகிறது. முதல் முடிச்சு அதற்குள் போய்விட்டது.

அத்தை திரும்பத் திரும்ப அந்த இடத்தைப் போடச் சொன்னார். “தாலிய கட்னானா இல்லியாடா?”

“கட்னான் அத்தை. இதயத்துக்குள்ள.”

இந்த மாதிரிக் காட்சிகளை எடுக்கும்போதே முன்னும் பின்னும் சில விநாடி கூடுதலாக ஓடவிட வேண்டும். முக்கியமான இடத்தில் அலங்காரம் வேண்டாம், நேர்வெட்டு போதும். பிற்பாடு ‘நாயகன்’ படத்தை லெனினும் விஜயனும் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தேன். கமல்ஹாசன் இளைஞனிலிருந்து கிழவராகிறார். ஒரு இடத்திலும் இதயம் மலரவில்லை.

பென் டிரைவ் விவகாரத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் ஒரு அப்பாவிக் கடைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். 16 ஜி.பி. டிரைவில் 5 ஜி.பி. படம் ஏறவில்லை, ‘ஃபைல் பெரிது’ என்றது. போலி டிரைவ் விற்றதாகச் சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் வேறொன்று கொடுத்தார். அதிலும் ஏறவில்லை. ஃபேட்32 முறையில் அமைத்த டிரைவ் ஒரு ஃபைலின் அளவைக் குறித்துக்கொள்ள 32 பிட்தான் ஒதுக்கும், 4 ஜி.பி.யைத் தொடும் ஃபைலை அது ஏற்காது, டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மேட் செய்தால் ஏறும். அந்தக் கடை வழியாகப் போகும்போது இப்போதும் வண்டியை வேகமாக விடுகிறேன்.

என் தோல்விகள் குடும்ப எல்லையைத் தாண்டி வெளியூர், வெளிநாடு என்று பரவியது 2020-ல். ஊரடங்கு, கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று கட்டுப்பாடு. பட்டுச்சேலை ஊர் என்பது கல்யாணத்தை நம்பிய ஊர். மாமா வீட்டில் சொந்தமாக நெய்து வைத்திருந்த சேலைகள் அலமாரியில் தங்கிவிட்டன. மற்றவர்கள் போனில் காட்டி விற்கிறார்களே, நாமும் செய்யலாம் என்று மாமா மகன் சொன்னான். இயக்குநர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

தறிவீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தேன். படத்தில் கறுப்புப் பட்டை ஒன்று மேலிருந்து கீழாக ஊர்ந்துகொண்டே இருந்தது. வோல்டேஜ் சரியில்லை என்று அடித்துச் சொன்னேன். மாமா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்; அவர் சோக் மாற்றி, காசு வாங்கிக்கொண்டு போனார். பட்டை ஊர்ந்தபடியே இருந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக் கணக்கில் இருந்தால் இரண்டுக்கும் தாளம் சேராமல் பட்டை ஓடும். பல போன்களில் கேமரா அமைப்பிலேயே 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றிவிடலாம். இல்லாவிட்டால் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து காலை வெளிச்சத்தில் எடுக்கலாம். மாமி முதல் நாளே சொன்னது இந்த இரண்டாவது யோசனை.

வாசலுக்கு வந்தோம். இப்போது நிறம். உடல் அரக்கு, கரை நிறைய ஜரிகை. கேமரா அரக்கைப் பார்த்து ஒரு முடிவெடுக்கும். ஜரிகை உள்ளே நுழைந்ததும் பதறி வெளிச்சத்தைக் குறைத்து, நிறத்தையும் மாற்றிக்கொள்ளும். முந்தானை வரும்போது அரக்கு செங்கல்லாகியிருந்தது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்து, நிறச் செறிவைக் கூட்டி, செங்கல்லைத் தக்காளி ஆக்கினேன். கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்து மரியாதையாகக் கேட்டார்: “ஒரே சேலைல மூணு கலர் தெரியுதுங்களே, இதுல எதை அனுப்புவீங்க?”

திரையில் சேலை மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு ஜரிகை வந்தாலும் கேமரா பதறாது. நிறம் சரியாக வர, சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை வைத்து, அது வெள்ளையாகத் தெரியும்வரை ஒயிட் பேலன்ஸைத் திருகிக்கொள்ள வேண்டும். மயில்கழுத்து மாதிரிச் சேலைக்கு இதுவும் போதாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்புக்கு மடிப்பு மாறுவதுதான் அதன் அழகு. மெதுவாக அசைத்துக் காட்டுவதைத் தவிர எந்த மென்பொருளாலும் அதற்கு வழியில்லை. நான் மெதுவாக அசைத்துக் காட்டிய பகுதியை ‘போர் அடிக்குது’ என்று வேகமாக ஓடவிட்டிருந்தேன்.

பொடிக்கட்டம் போட்ட சேலை தனிக் கதை. போனில் அதன்மேல் வானவில் மாதிரி ஓர் அலை நெளிந்தது. நெசவின் நெருக்கமான கோடுகளும் கேமரா சென்சாரின் கட்டங்களும் ஒன்றோடொன்று மோதினால் இப்படி மாயக்கோடு வரும், ‘முவாரே’ என்பார்கள். ஓரடி முன்னே பின்னே போனாலோ, கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலோ மறைந்துவிடும். இது தெரியாத காலத்தில், கேட்ட ஒருவரிடம் “அது பட்டோட மினுமினுப்புங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் அந்த அலை ஓடுகிற சேலைதான் வேண்டும் என்றார். மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

படத்தை யூடியூபில் ஏற்றினோம். சேனலுக்குப் பெயர், வணக்கம் சொல்லும் படம் எல்லாம் ஆயிற்று. இணைப்பை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ‘சூப்பர்’, ‘அருமை மாப்ளே’, ‘கலர் தூக்கலா கீது’. ஆனால் யூடியூபில் எண்ணிக்கை நகரவே இல்லை. புது சேனல் என்றால் அப்படித்தான், கம்பெனிக்காரன் மெதுவாகத்தான் ஏத்திவிடுவான் என்று மாமா மகனுக்கு வியாபார நுணுக்கம் விளக்கினேன். கடைசியில் சிங்கப்பூரில் இருக்கிற ஒரு தூரத்து உறவு மட்டும் எழுதினார்: ‘திறக்கவில்லையே, பிரைவேட் வீடியோ என்கிறது.’

பிரைவேட், அன்லிஸ்டட், பப்ளிக் என்று மூன்று உண்டு. பிரைவேட் என்றால் நானும் நான் பெயர் சொல்லி அனுமதித்தவர்களும் மட்டும். அன்லிஸ்டட் என்றால் இணைப்பு கையில் உள்ளவர்கள். பப்ளிக்தான் ஊருக்கு. எங்கள் சேலை பிரைவேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அலமாரியில் இருந்தபோதாவது வீட்டுக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டிருக்கும். பார்க்காத படத்துக்குக் கட்டைவிரல் காட்டிய உறவுகளின் பெயரை இங்கே எழுதவில்லை. கல்யாணங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன.

பப்ளிக் ஆக்கியதும் பாட்டு மாட்டிக்கொண்டது. தறிவீட்டில் எஃப்.எம். ஓடாத நேரம் கிடையாது. சேலையைக் காட்டும்போது பின்னால் ஒரு பழைய சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது எங்கள் யார் காதிலும் விழவில்லை. காற்று வீசுகிற மாதிரி அது. யூடியூபின் கன்டென்ட் ஐடி காதில் விழுந்தது. 2007 முதல் அது இதே வேலையாக, ஏறுகிற ஒவ்வொரு படத்தையும் உரிமையாளர்கள் கொடுத்து வைத்த பாட்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்தில் வரும் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்கு என்று அறிவிப்பு வந்தது. எங்கள் சேனலுக்கு வருமானமே கிடையாது. ஆகவே இல்லாத பணத்தை இழந்தோம். ஆனாலும் நான் பயந்து, படத்தையே நீக்கிவிட்டேன். யூடியூப் ஸ்டூடியோவிலேயே அந்தப் பாட்டை மட்டும் அழிக்கவோ, ஒலியை அடக்கவோ வசதி இருக்கிறது. யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசையும் உண்டு.

பாட்டு போன பிறகு தறி ஓசையையே வைக்கலாம் என்று தோன்றியது. இதுவரை வந்த யோசனைகளில் இது ஒன்றுதான் உருப்படி. மாமா நெய்வதை நீளமாக எடுத்து, வெட்டி, போட்டுக் காட்டினேன். நல்லாயிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். மாமா மட்டும் முகத்தைச் சுளித்தார். “பலகை அட்ச்சப்புறம் சத்தம் வருது.” நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. வயசாகிவிட்டது, காது அப்படித்தான் என்று நினைத்தேன்; சொல்லவும் சொன்னேன். படத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தபோது எனக்கே தெரிந்தது: பலகை ஊடையை அடித்துவிட்டுத் திரும்புகிறது, ‘டக்’ என்ற சத்தம் சாவகாசமாகப் பின்னால் வருகிறது.

இருட்டில் எடுக்கும்போது போன் தன் இஷ்டத்துக்கு விநாடிக்கு இத்தனை படம் என்பதைக் குறைத்துக் கூட்டிக்கொள்ளும். தறிக்குழி இருட்டில் நிறையவே. பல எடிட்டிங் மென்பொருள்கள் அந்த எண்ணிக்கை மாறாது என்று நம்பி வரிசைப்படுத்தும். நேரம் போகப் போகப் படமும் ஒலியும் பிரிந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் முதலில் கொடுத்து, ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொண்டு, அதன்பின் வெட்டினால் சரியாக வரும். மாமாவின் காதைப் பற்றிச் சொன்னதைத்தான் எந்த மென்பொருளிலும் திரும்ப வாங்க முடியவில்லை.

இவ்வளவும் படம் எடுக்கிற கஷ்டம். பார்ப்பதிலாவது எனக்குக் குறையில்லை என்று நினைத்திருந்தேன். விலங்குக்காட்சி சாலை யானைகளுக்கு முன்னால் நின்று ஜாவேத் கரீம் பேசுகிற 19 விநாடிப் படம், 2005 ஏப்ரலில் யூடியூபில் ஏறிய முதல் படம், அதைப் பற்றிக்கூட மண்டியில் சொற்பொழிவு செய்திருக்கிறேன். 

ஒருநாள் மாமா என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். கோர்வை நெசவைக் காட்டுகிற நீளமான படம் ஒன்றை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. பக்கத்தில் துணைக்கு ஒரு ஆள். மாமாவின் அப்பா அப்படி நெய்தவர், மாமா சின்னப் பையனாகப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளியவர். கரை ஊடையும் உடல் ஊடையும் கோத்துக்கொள்ளும் அந்தக் கணத்தில் கை எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். “அங்க! நிறுத்து!” என்பார். நான் மௌஸால் சிவப்புக் கோட்டைப் பிடித்து இழுப்பேன். முன்னே போய்விடும். பின்னே இழுத்தால் நெசவாளர் டீ குடித்துக்கொண்டிருப்பார். 40 நிமிஷப் படம். கோட்டின் நீளம் திரையில் ஆயிரம் புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு 2 விநாடிக்கு மேல். நாடா போவதோ ஒரு விநாடிக்குள். என் கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் அந்த இடத்தில் நிற்காது என்பது கணக்குப்பிள்ளையான எனக்கு அப்போது தோன்றவில்லை.

எட்டாவது படிக்கும் மாமாவின் பேத்தி, “நகருங்க மாமா” என்று என்னை ஓரம்கட்டினாள். ‘கே’ விசையை அழுத்தினாள், நின்றது. ‘ஜே’ அழுத்தினாள், 10 விநாடி பின்னே போனது. ‘எல்’ என்றால் 10 விநாடி முன்னே. இடத்துக்குக் கிட்டே வந்ததும் நிறுத்திவிட்டு, கமாவும் முற்றுப்புள்ளியும் இருக்கிற விசைகளைத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே ஒரு ஃபிரேம், பின்னே அல்லது முன்னே. ஷிஃப்டோடு சேர்த்துத் தட்டினால் ஓடுகிற வேகம் குறையும், கூடும். எண் விசை 5 தட்டினால் படத்தின் பாதிக்கே போய்விடும். எடிட்டிங் மென்பொருள்களிலும் பின்னே போக, நிறுத்த, ஓட்ட இதே ஜே, கே, எல்தான். நான் அத்தனை வருஷமும் மௌஸால் செய்துகொண்டிருந்தேன்.

மாமா திரைக்கு அருகில் குனிந்தார். பேத்தி தட்டத் தட்ட, நாடா ஓர் அங்குலம் நகர்ந்தது, இன்னோர் அங்குலம். “இன்னொண்ணு. இன்னொண்ணு. பின்னால போ. ஆங்… பார்த்தியா, கட்ட விரலால இல்ல, சுண்டு விரலால புட்ச்சிக்கிறான். எங்கப்பா கட்ட விரல்.” இந்த மாதிரி வெகுநேரம் போனது. எனக்கு அந்த விரல் வித்தியாசம் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஒண்ணுபுரத்தில் இருக்கிற தன் மச்சானுக்கு அந்த இடத்தை அனுப்பச் சொன்னார் மாமா. இதிலாவது முந்திக்கொள்ள வேண்டுமென்று, ஓடுகிற திரையைப் போனால் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திரையின் கட்டமும் கேமராவின் கட்டமும் மோதி வானவில் அலை ஓடியது. மிச்சத்தை வாட்ஸ்அப் நசுக்கியது. படத்தைச் சாதாரணமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பினால் நசுக்காது என்று பேத்தி சொன்னாள். அலையை அது எடுக்காது என்றும் சொன்னாள். பிறகு யூடியூப் படத்தின் மேலேயே மௌஸின் வலது பொத்தானை அழுத்தினாள். இந்த நேரத்திலிருந்தே தொடங்குகிற மாதிரி இணைப்பை நகலெடுக்க அங்கே ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்து அனுப்பினாள்.

மச்சானிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. பார்த்துவிட்டுத்தான் போட்டாரா என்று மாமா என்னைக் கேட்கிறார்.